உடல்நிலை காரணமாக

உடல்நிலை காரணமாக தேசம்மா இன்று வர இயலவில்லை என்று மைக்கில் சொல்லி முடித்தபோது தன் குரல் நன்றாக இருந்ததாகத்தான் பரஞ்சோதிக்குப் பட்டது, அதுதான் பயமாக இருந்தது, நடுங்கவில்லை, தொண்டை அடைக்கவில்லை, ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லில் எவ்வளவு வருத்தம் வேண்டுமோ அவ்வளவு வருத்தம் தானாக வந்து உட்கார்ந்தது, பல வருஷமாகச் சிறுபத்திரிகை நடத்திக்கொண்டு ஓவியர்களையும் கூத்துக்காரர்களையும் போராட்டக்காரர்களையும் மேடையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துப் பழகிய குரல், அதற்குப் பொய்யும் மெய்யும் ஒரே சுருதிதான் போலிருக்கிறது. அரங்கில் அங்கங்கே உச்சுக்கொட்டினார்கள். பாவம் என்று யாரோ சொன்னது கேட்டது. அவருக்குப் பின்னால் துணித்தட்டியில் ‘கலை, அரசியல், காலநிலை: ஓர் உரையாடல்’ என்று எழுதி, கீழே மூன்று பேருடைய முகம் போட்டிருந்தது, நடுவில் தேசம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற முகம், அந்தப் படத்தை எடுத்தவரே பரஞ்சோதிதான். மேடையில் மூன்று நாற்காலி இருந்தது. நடு நாற்காலியை அரங்க மேனேஜர் திருவேங்கடம் சத்தமில்லாமல் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது இரண்டு. ஏசி குளிர் காதுமடலில் ஏறியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்கள். புவி சூடாவதைப் பற்றிப் பேச ஆட்களை இப்படி விறைக்கவைத்துத்தான் பேசவேண்டியிருக்கிறது என்று வேறொரு நாளாக இருந்தால் ஒரு வேடிக்கை சொல்லியிருப்பார். சிரித்திருப்பார்கள்.

நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால், கழிவறைக்குப் போகும் நடையில், கைகழுவிய ஈரம் காயாத விரலால்தான் போனை எடுத்தார். எங்கே வந்துகொண்டிருக்கிறாள், வழி தெரியவில்லையோ என்றுதான் நினைத்தார். “அண்ணா, வண்டில ஏத்திட்டாங்கோ.” பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்கிறாள் என்று நினைத்து, “சரிம்மா, பார்த்து வா,” என்றே சொல்லிவிட்டார். “ஐயோ, போலீஸ் வண்டிண்ணா. ஸ்டாப்பிங்ல நிக்கசொல்ல வந்து ஏத்திட்டாங்கோ. கல்லு லாரிய மறிச்சதுக்காம். எங்க ஸ்டேஷனுக்குத்தான் போவுது. வூட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீ மேடைல சொல்லிடுண்ணா. நாலு பேருக்குத் தெரிஞ்சிட்ச்சின்னா கை வெக்க மாட்டாங்கோ. கஜாவுக்கு ஆன மாதிரி ஆவாது.” பின்னால் ஒரு ஆண்குரல், யாருகிட்ட பேசற, போனைக் குடு. அவ்வளவுதான். கஜேந்திரனை பரஞ்சோதிக்குத் தெரியும், தேசம்மாவின் குப்பத்துப் பையன், போன மாதம் இதே விவகாரத்தில் பிடித்துக்கொண்டு போய், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பகல் முழுக்க வைத்திருந்துவிட்டு விட்டார்கள், இன்னும் வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. ஆக அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. வக்கீலைப் பிடி என்று சொல்லவில்லை, மந்திரியைப் பார் என்று சொல்லவில்லை, எப்படியும் மைக்கைப் பிடிக்கப்போகிற மனுஷனிடம் அதே மைக்கில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். தேசம்மாவைப் பிடித்துவிட்டார்கள். மூச்சு விடுகிற நேரம்.

அந்த வாக்கியத்தை அவர் முதலில் சொன்னது திருவேங்கடத்திடம். ஏன் அவரிடம்? நடையில் எதிரே வந்தார், அதனால். யார் கையிலாவது இறக்கிவைத்தால் போதும் என்று இருந்தது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தவன் மாதிரி. திருவேங்கடம் கெட்டவர் இல்லை, இந்த அறக்கட்டளையின் அரங்கை வாடகை வாங்காமல் மூன்று முறை திறந்துவிட்டவர். “ஐயையோ,” என்றார், நிஜமாகவே முகம் வாடி. பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவையே போலீஸ்லேருந்து எங்கிட்ட கேட்டாங்க, என்ன கூட்டம், யார் பேசறாங்கன்னு. மேடையில அரெஸ்ட் கிரெஸ்ட்டுன்னு பேச்சு வந்தா நாளைக்கு உங்களுக்கு மட்டுமில்ல, எவனுக்கும் இந்த ஹாலைக் குடுக்க முடியாது. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. கூட்டம் முடியட்டும், நானே உங்ககூட வர்றேன்.” கூட்டம் முடியட்டும். எவ்வளவு நியாயமாக இருந்தது அந்தச் சொல். முடிந்தபிறகு நிதானமாக ஒரு வக்கீலைக் கூப்பிடலாம், முறையாக ஒரு அறிக்கை எழுதலாம், நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கலாம், சும்மா மேடையில் உணர்ச்சிவசப்பட்டுக் கத்துவதைவிட அதுதானே பயன் தரும். கூடப் பேச வந்திருந்த மாதங்கியிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவளை மேடையில் உட்காரவைத்து, துப்பட்டாவில் மைக்கைச் செருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு இவர் ஏறினார். வணக்கம் சொன்னார். உடல்நிலை காரணமாக.

மாதங்கி பேசிக்கொண்டிருந்தாள். சிற்பி என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், நான் பொருட்களை நிறுத்துகிறவள் என்பாள். கடல் தின்ற வீடுகளின் கதவுகளைச் சேகரித்து நிறுத்தியிருந்தாள், அரங்கத்தின் வாசலில் இருபுறமும் கதவுகள், உப்பு ஏறி வெளுத்து, கீழ்ப்பாதி அழுகி. அதில் ஒன்று தேசம்மாவுடையது, நீலம், அதைப் பார்க்கத்தான் முக்கியமாக வருகிறேன் என்று தேசம்மா சொல்லியிருந்தாள். “அந்தக் கதவுகளுக்கு முன்னாடி நின்னு அழறாங்க,” என்று மாதங்கி சொன்னாள். “அழுதுட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு, எங்கே சாப்பிடலாம்னு கேக்கறாங்க. நான் அவங்களைக் குத்தம் சொல்லலை. நானும் அப்படித்தான் சாப்பிடறேன். ஆனா சில சமயம் எனக்குத் தோணும், அழவெச்சு அனுப்பறதுதான் நான் செய்யற கெடுதலோன்னு. அழுதாச்சுன்னா கடமை முடிஞ்ச மாதிரி ஆயிடுது இல்லையா.” பரஞ்சோதி தலையை ஆட்டினார். இங்கே ஒரு கேள்வி போடவேண்டும், இடைவெளி விழுந்துவிட்டது, கேள்வி எங்கிருந்தோ தானாக வாயில் வந்தது. “எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு குற்றவாளி என்று யாரைக் கைகாட்டுவது? சூட்டின்மேல் வழக்குப் போட முடியுமா?” முன்வரிசையில் ஒருவர் ஆமோதித்துக் கையைத் தட்டினார். மாதங்கி பரஞ்சோதியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அவளுக்குத் தெரியும் அது யாருடைய வார்த்தை என்று. இரண்டு வாரம் முன்னால் இருவரும்தான் குப்பத்துக்குப் போயிருந்தார்கள். தேசம்மா மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, இடிந்த சுவர்களுக்கு நடுவே அலை வந்து திரும்புவதைக் காட்டி, “கடலு தானா வர்லண்ணா, தள்ளி வுட்டாங்கோ,” என்றாள். துறைமுகத்துக்காக அந்தப் பக்கம் கல் கொட்டக் கொட்ட, இந்தப் பக்கம் மணல் போகிறது, மணல் போனால் வீடு போகிறது. “கேட்டா, பூமி சூடாயிட்ச்சி, கடலு ஏறுதுன்றாங்கோ. ஏறுதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சூடு மேல நான் எங்க போயி கேஸு குடுப்பேன்? கல்லு கொட்றவன் மேலதான குடுக்க முடியும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு சட்டென்று, “மேடைல ஏசி போடுவாங்களாண்ணா? எனக்கு ஏசி ஒத்துக்காது, சளி புடிச்சிக்கும். சால்வ எட்த்தாரட்டா?” என்று கேட்டாள். அந்தச் சால்வை இப்போது எங்கே இருக்கும். அவள் பையில். பை எங்கே இருக்கும். வாங்கி ஒரு மேஜைமேல் வைத்திருப்பார்கள். அவளை எங்கே வைத்திருப்பார்கள்.

நினைக்காதே. பெண்போலீஸ் இருப்பார்கள். சட்டம் இருக்கிறது, பெண்களை அப்படியெல்லாம். அப்படியெல்லாம் என்றால் எப்படியெல்லாம்? இல்லை, கஜா பையன், வாயாடியிருப்பான். தேசம்மா மட்டும் வாயாடமாட்டாளா என்ன, ஆர்டிஓவையே “உக்காருய்யா, நின்னுக்கினே பேசினா எங்க பேச்சு உன் காதுக்கு எட்டாது,” என்றவள். அந்த வாய்க்காகத்தானே அவளை மேடைக்கு அழைத்தார். அவளை அழைத்தது யார்? பரஞ்சோதி. எந்த பஸ்ஸில் வரவேண்டும், எங்கே ஏறவேண்டும் என்று சொன்னது யார்? போலீஸ்காரர்கள் குப்பத்துக்குள் வந்து அவளைத் தொட முடியாது, பெண்கள் மொத்தமாக இறங்கிவிடுவார்கள், அதனால்தான் அவள் தனியாக வெளியே வருகிற நாளுக்குக் காத்திருந்திருக்கிறார்கள், அந்த நாளை நோட்டீஸில் அச்சடித்து ஊரெங்கும் அனுப்பியவர் இவர். மைக்கை இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். உள்ளங்கை அந்தக் குளிரிலும் வழுக்கியது. இப்போது சொல்லிவிடலாம். மாதங்கி மூச்சு வாங்கும்போது. ஒரு நிமிஷம், மன்னிக்கவேண்டும், நான் சற்றுமுன் சொன்னது. சற்றுமுன் சொன்னது என்ன? சரியில்லை. நண்பர்களே, ஒரு தகவல். தகவலா? தகவல் என்றால் ஏதோ வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள் என்பது மாதிரி. எத்தனையோ தலையங்கம் எழுதிய கைக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. வாக்கியமா அமையவில்லை? பொய் சொல்லாதே, மனசுக்குள்ளேயாவது.

நிறைமதி. அதுதான். மகள் பெயரை நினைக்காமலேயே இவ்வளவு நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், வீட்டுக்குள் பாம்பு இருக்கும் அறையைத் திறக்காமல் மற்ற அறைகளையெல்லாம் பெருக்குகிறவன் போல. நாலு வருஷம் படித்தாள். இரண்டு தடவை கொஞ்சத்தில் போனது, மூன்றாவது தடவை பாஸ் செய்து, நேர்முகம் முடித்து, அரசு வேலை, இனி போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. போன வாரம் பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து சோபாவில் உட்கார்ந்து மனைவி வாசுகி கொடுத்த டீயைக் குடித்தார். “சார் பத்திரிகை நடத்தறீங்களாமே,” என்று சிரித்தார். “சும்மா, இலக்கியம்,” என்று பரஞ்சோதி சொன்னார். சும்மா, இலக்கியம். அவர் போனபிறகு நிறைமதி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, “அப்பா, இந்த ஒரு மாசம்,” என்றாள். மீதியைச் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண்ணுக்காக, ஒரு வாக்கியத்துக்காக, பெற்ற பெண்ணின் நாலு வருஷத்தை. ஆனால் தேசம்மாவுக்கும் ஒரு பெண் இருக்கிறது, பத்தாவது படிக்கிறது, இவர்கள் போனபோது பாயில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது. இதை எடைபோட முடியாது. எடைபோட ஆரம்பித்த உடனேயே தட்டு எந்தப் பக்கம் இறங்கும் என்று எவனுக்கும் தெரியும், தன் பிள்ளை பக்கம்தான் இறங்கும், உலகம் இப்படி ஆனதே அதனால்தான், ஒவ்வொருவனும் தன் வீட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டதால்தான், இதைத்தானே போன இதழில் எழுதினாய், நன்றாக எழுதியிருந்தாய், கடிதம்கூட வந்தது.

“எனக்கு நம்பிக்கை இருக்கான்னு கேட்டா, இல்லை,” என்று மாதங்கி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எப்போது அந்தக் கேள்வியைக் கேட்டார்? கேட்டிருக்கிறார், எல்லா உரையாடலிலும் கடைசியில் கேட்பதுதான், நா தன்பாட்டில் கேட்டுவிட்டது. “நம்பிக்கை இருந்தாத்தான் செய்வேன்னா, அது பேரம். தேசம்மாக்கிட்ட ஒருநாள் கேட்டேன், ஜெயிப்போம்னு நினைக்கிறீங்களான்னு. தோத்துடுவோம்னுதான் தோணுது, அதுக்காக வூட்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டுப் போவணுமான்னாங்க. அவங்க இன்னிக்கு இங்க இருந்திருக்கணும்.” அரங்கம் கைதட்டியது, தேசம்மாவுக்காகத் தட்டியது, நீளமாகத் தட்டியது, இவரும் மைக்கைத் தொடையில் வைத்துக்கொண்டு தட்டினார். அந்தச் சத்தம் எந்த ஸ்டேஷனுக்கும் கேட்கப்போவதில்லை. கேட்கவைக்கக்கூடிய ஒரே ஆள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். இப்போது சொல்லப்போகிறேன் என்று நினைத்தார், ஓரத்தில் திருவேங்கடம் நின்றுகொண்டு மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், “பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்,” என்று வாய் சொன்னது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஐம்பதுக்குமேல் இருக்கும், கைத்தறிப் புடவை, துணிப்பை, ஆசிரியையாக இருக்கலாம். நீளமாக ஏதாவது கேட்பாள் என்று பரஞ்சோதி வசதியாகச் சாய்ந்துகொண்டார். “கேள்வி எல்லாம் இல்லைங்க,” என்றாள் அவள். “அவங்களைப் பார்க்கலாம்னுதான் செங்கல்பட்டுலேருந்து வந்தேன். உடம்புக்கு என்னங்க அவங்களுக்கு?” அவ்வளவுதான். ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் பற்றிக் கேட்பது. அந்த முகத்தில் நிஜமான கவலை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவர் “காய்ச்சல்,” என்றார். சொல் வெளியே போய் ஸ்பீக்கரில் மோதித் திரும்பி வந்தது. காய்ச்சல். இப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பாயில் போர்த்திப் படுத்திருக்கிறாள். மிளகுரசம் குடிக்கிறாள். நாளைக்கு உடம்பில் காயம் இருந்தாலும், காய்ச்சலில் விழுந்துவிட்டாள் என்று எவனாவது எழுதலாம், சாட்சிக்கு அரங்கம் நிறைய ஆள் இருக்கிறது, பத்திரிகையாசிரியர் பரஞ்சோதியே மைக்கில் சொன்னார். மாதங்கி அவர் பக்கம் திரும்பினாள். “காய்ச்சலா? எப்போ சார்? காலைல கிளம்பும்போது எனக்கு போன் பண்ணாங்களே. நல்லாத்தானே பேசினாங்க. புதுப்புடவை கட்டியிருக்கேன்னு சொன்னாங்க.” அவள் துப்பட்டாவில் மைக் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் சொன்னார். தைரியம் வந்து சொன்னார் என்று அவரே பிற்பாடு ஒருவேளை நினைத்துக்கொள்ளப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கணத்தில் அவருக்குத் தெரியும், ஒளிய இடம் தீர்ந்துபோனதால்தான் சொன்னார். “காய்ச்சல் இல்லை. அவங்களைப் போலீஸ் பிடிச்சிட்டாங்க. இங்க வர பஸ்ஸுக்கு நின்னப்போ. எனக்கு போன் பண்ணாங்க. மேடையில சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லலை.” வாக்கியங்கள் சின்னச் சின்னதாக வந்தன, இதற்கா இவ்வளவு நேரம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. செல்போன்கள் உயர்ந்தன. பின்னாலிருந்து ஒருவர் “வெட்கமா இல்லையாய்யா?” என்று கத்தினார். இன்னொருவர், ஐயோ, கைதட்டினார், சார் உண்மையைச் சொல்லிட்டார் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார், அந்தக் கைதட்டலை வேறு நாலைந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். திருவேங்கடம் விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் ஒன்றும் அணைக்கவில்லை. மாதங்கி மைக்கைப் பிய்த்து நாற்காலிமேல் போட்டாள். “எந்த ஸ்டேஷன்?” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “எப்போ சார் போன் வந்துது?” ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்றார். அவள் படியில் இறங்கிவிட்டாள்.

வெளியே வெயில் அடித்த அடியில் மூக்குக்கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். பின்னால் இன்னொரு ஆட்டோவில் செங்கல்பட்டுப் பெண்ணும் வேறு இருவரும் வந்தார்கள், மற்றவர்கள் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லி டீ வைத்திருந்த மேஜைப் பக்கம் நின்றுவிட்டார்கள், அவர்களைக் குறைசொல்ல இவருக்கு வாய் இல்லை. வழி முழுக்க மாதங்கி வக்கீல் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன, அனல், டீசல், கருவாட்டு வாசம், எல்லாம் மாறிமாறி முகத்தில் வீசியது. நிறைமதி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். வீடியோ அதற்குள் போயிருக்கும். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது, உனக்காக ஒளித்தேன், கடைசிவரை ஒளிக்கவும் முடியவில்லை, உன்னையும் காப்பாற்றவில்லை அவளையும் காப்பாற்றவில்லை என்றா. ஒரு லாரி நிறையக் கருங்கல் அவர்களை ஒட்டிக்கொண்டே வெகுதூரம் வந்தது, பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு ஒரு பெண் காவலர் நின்றாள், சின்னப் பெண், நிறைமதி வயசுதான் இருக்கும், நெற்றியில் வியர்வை. மாதங்கி பெயரைச் சொன்னதும் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். “ரிமாண்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம். ஞாயித்துக்கிழமை இல்ல, மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குத்தான் போவாங்க.” “அடிச்சாங்களா?” என்று மாதங்கி கேட்டாள். காவலர் தெருவைப் பார்த்தாள். “நான் சென்ட்ரி மேடம். உள்ள நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்.” பிறகு, யாரும் கேட்காமலே, “நடக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாங்க,” என்றாள். மாதங்கி அதற்குமேல் நிற்கவில்லை, ஆட்டோவை நோக்கி ஓடினாள், போனில் வக்கீலிடம் மாஜிஸ்ட்ரேட் வீடு எங்கே என்று கத்திக் கேட்டுக்கொண்டே. பரஞ்சோதியும் திரும்பினார். “சார்,” என்று அந்தப் பெண் கூப்பிட்டாள், மெதுவாக, உள்ளே கேட்காதபடி. “ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இங்கதான் இருந்தாங்க. அந்த பெஞ்சுல. வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எங்க அண்ணன் இந்நேரம் சொல்லியிருப்பாரு, ஆளுங்க வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்கதானா சார் அது?”

மாதங்கி ஆட்டோவிலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

“நான்தாம்மா,” என்றார் பரஞ்சோதி. “வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”